அலியும் ரஞ்சித் சிங்கும் எங்கள் அறையும்

பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவை பற்றி ஆங்கிலேயர்கள் பெருமையோடு பேசும்போது சில பெயர்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வரும். 'ஃபோல்ட்டி டவர்ஸ்' வரும், 'யெஸ் மினிஸ்டர்' வரும், 'டாட்ஸ் ஆர்மி' வரும். 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' வராது. வந்தாலும் அந்தக் காலத்து அறியாமைக்கு உதாரணமாக, சற்றே கூச்சத்துடன் வரும். எங்கள் வட்டத்திலும் நிலைமை அதுதான். சென்ற ஆண்டு ஒரு நண்பர் வீட்டு விருந்தில் நான் இந்தத் தொடரை நினைவுகூர்ந்தபோது, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் இன்னொரு நண்பர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, 'எங்களைப் பார்த்துச் சிரித்ததற்கு நாங்களே கைதட்டினோம், அதைவிடக் கேவலம் உண்டா?' என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. அதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நான் இந்தத் தொடரைப் பார்த்தது லண்டனில் இல்லை, ஷார்ஜாவில். 1987 முதல் 1993 வரை அங்கே வேலை செய்தேன். அந்த ஆறு வருடத்தையும் பற்றி எங்கள் இலக்கியத்தில் எழுதப்பட்டது மிகக் குறைவு. புலம்பெயர்வு என்றால் ஐரோப்பா, கனடா, பனி, குளிர், அகதி முகாம் என்று ஆகிவிட்டது. வளைகுடா நாடுகளைக் 'காசு உழைக்கப் போன இடம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். கொழும்பிலிருந்து நேரே ஐரோப்பாவுக்குப் போக வசதியில்லாத எத்தனையோ பேருக்கு அது ஓடி ஒளிந்த இடம் என்பதும், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் உட்பட வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகளில் ஒன்றுகூட 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை என்பதும் கணக்கில் வருவதில்லை. அங்கே அகதி என்று ஒரு சாதி கிடையாது. வேலைக்காரன் உண்டு. வேலை போனால் விசாவும் போகும், விசா போனால் விமானம்.

முதலில் தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இளைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

லண்டன் வீக்கென்ட் தொலைக்காட்சி நிறுவனம் இதனைத் தயாரித்தது. எழுதியவர் வின்ஸ் பவல். அதற்கு முன் வெள்ளைக் குடும்பமும் கறுப்புக் குடும்பமும் அயல்வீட்டில் வாழும் 'லவ் தை நெய்பர்' என்ற தொடரை இன்னொருவருடன் சேர்ந்து எழுதிப் புகழும் திட்டும் வாங்கியவர். 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' முதற்பகுதி 1977 டிசம்பர் 30 இல் ஒளிபரப்பானது. 1979 டிசம்பர் 15 உடன் நின்றது. மொத்தம் 29 பகுதிகள். கதை மிகச் சுருக்கமானது: லண்டனில் ஒரு வளர்ந்தோர் கல்லூரி, மாலை நேர ஆங்கில வகுப்பு, பல நாட்டு மாணவர்கள், ஜெரமி பிரவுன் என்ற அப்பாவி ஆசிரியர், அவருக்குமேல் மிஸ் கோர்ட்னி என்ற சிடுசிடுப்பான அதிபர். பிரவுனாக நடித்தவர் பரி எவன்ஸ்.

மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் கேலிச்சித்திரம். சுரங்கரயிலில் வேலை செய்யும் சீக்கியர் ரஞ்சித் சிங் எதற்கெடுத்தாலும் கைகூப்பி 'ஆயிரம் மன்னிப்பு' என்பார். பாகிஸ்தானி அலி நதீம் வேலை தேடுகிறவர், எதையும் வெள்ளந்தியாகச் சொல்லின் நேர்ப்பொருளில் விளங்கிக்கொள்கிறவர். சீனத் தூதரகத்திலிருந்து வரும் பெண் எப்போதும் மாவோவின் சிவப்புப் புத்தகத்துடன் வருவார். ஜப்பானியர் குனிந்துகொண்டே இருப்பார். பிரெஞ்சுப் பெண் மயக்குவார். ஜேர்மன் பெண் உத்தரவு போடுவார். இத்தாலியர் சமையல்காரர், ஸ்பானியர் மதுக்கடைப் பணியாளர். இந்தியப் பெண் ஜமீலா ஒரு வார்த்தையும் விளங்காமல் கம்பளி பின்னிக்கொண்டிருப்பார். இதை எழுதும்போதே என் நண்பரின் கோபம் எனக்கு விளங்குகிறது.

அந்தக் கோபத்துக்குக் காலப் பின்னணியும் உண்டு. 1977 ஓகஸ்டில் நஷனல் ஃப்ரன்ற் கட்சியினர் தெற்கு லண்டன் லூயிஷாமில் ஊர்வலம் போய்ப் பெரும் மோதல் நடந்தது. வடமேற்கு லண்டனில் கிரன்விக் படக்கழுவுகூடத்து ஆசியப் பெண்கள் ஜயாபென் தேசாய் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். தொடர் ஆரம்பித்து ஒரு மாதத்தில், 1978 ஜனவரியில், மார்கிரட் தட்சர் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் பிறபண்பாட்டு மக்களால் நாடு மூழ்கடிக்கப்படுமோ என்ற அச்சம் பற்றிப் பேசினார். 1979 ஏப்ரலில் சவுத்தோலில் இனவாத எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தில் பிளேயர் பீச் என்ற ஆசிரியர் கொல்லப்பட்டார். வெளியே தெருவில் இது. உள்ளே வரவேற்பறையில் தலைப்பாகையும் தப்பான ஆங்கிலமும். நிறுவனத்தில் பொறுப்பிலிருந்த மைக்கல் கிரேட், இது இன வார்ப்புகளை வைத்துப் பிழைக்கிறது என்று கருதித்தான் தொடரை நிறுத்தினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. நிறுத்தியதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் நடிகர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எனக்கு வேறொரு நாடகம் தெரிகிறது. சீக்கியராக நடித்த அல்பேர்ட் மோசஸ் 1937 இல் எங்கள் கம்பளையில் பிறந்தவர். பாகிஸ்தானியாக நடித்த டீனோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். தொடர் தொடங்கியபோது டாக்கா பாகிஸ்தானிலிருந்து பிரிந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பிரெஞ்சுக்காரி பிரான்ஸ்வாஸ் பஸ்கால் மொரீசியஸில் பிறந்தவர். ஸ்பானியர் ரிக்கார்டோ மொன்டெஸ் ஜிப்ரால்டர்காரர். சீனப் பெண்ணாக வந்த பிக்-சென் லிம் பினாங்கில் பிறந்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, கிரேக்கராக நடித்த கெவோர்க் மலிக்யான் துருக்கியின் தியார்பக்கீரில் பிறந்த ஆர்மேனியர். பிரித்தானியப் பேரரசின் மூலைமுடுக்குகளிலிருந்தும் அதற்கு வெளியிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள், தம்முடையதல்லாத இன்னொரு அந்நியத்தை, லண்டன் கேட்டபடி நடித்துக் கொடுத்தார்கள். அகதி விசாரணையில் தன் கதையைச் சட்டத்தரணி சொன்னபடி திருத்திச் சொன்ன எவருக்கும் இந்த நடிப்பு புதிதாக இராது.

*

இந்தத் தொடர் வளைகுடாவுக்கு எப்படி வந்தது? இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. யாரும் கவனிப்பதில்லை. பிரித்தானியாவின் வண்ணத் தொலைக்காட்சி முறை அப்போது 'பால்'. இலங்கையும் இந்தியாவும் பாகிஸ்தானும் எமிரேட்ஸும் குவைத்தும் அதே முறை. அமெரிக்காவின் முறை வேறு, பிரான்சின் முறை வேறு. லண்டனில் ஒருவர் வீட்டு டெக்கில் பதிவுசெய்த கசட்டைப் பயணப்பெட்டியில் போட்டுக்கொண்டு துபாயில் இறங்கினால், மாற்றம் எதுவும் வேண்டியதில்லை, அப்படியே ஓடும். மூன்று ஊசிப் பிளக்குக்கூட லண்டனில் உள்ளதுதான். பேரரசு போய்விட்டது, பிளக்கும் அலைவரிசை முறையும் மிஞ்சின. 1971 வரை அந்தப் பகுதி பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தது என்பதையும் 1966 வரை அங்கே ரூபாய்தான் செல்லுபடியானது என்பதையும் இன்றைய துபாயின் கோபுரங்களைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

ஷார்ஜா ரோலாப் பகுதியில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீடியோக் கடை இருந்தது. பெரும்பாலும் மலையாளிகள் நடத்தியவை. உள்ளே மலையாளம், ஹிந்தி, தமிழ், பாகிஸ்தானி மேடை நாடகம், மூலையில் ஆங்கிலம். ஆங்கில மூலையில் அடி, உதை, துப்பாக்கிக்கு நடுவே இந்தத் தொடரின் கசட்டுகள். பிரதியின் பிரதியின் பிரதி. முகங்கள் நீரில் தெரிவதுபோல ஆடும். எங்கோ ஒரு அரபுத் தொலைக்காட்சியிலிருந்து பதிவானது போலிருந்த ஒரு கசட்டில், பிரெஞ்சுப் பெண் ஆசிரியரை நெருங்கும் இடமெல்லாம் படம் ஒரு துள்ளுத் துள்ளி அடுத்த காட்சிக்குப் போய்விடும். தணிக்கைக்காரரின் கத்தரிக்கோலையும் சேர்த்துத்தான் நாங்கள் பார்த்தோம். 1992 இல் எமிரேட்ஸில் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. பிறகு இந்தக் கடைகளின் பொற்காலம் மெல்ல முடிந்தது.

இலங்கையில் ரூபவாஹினி புண்ணியத்தில் கொழும்பிலிருந்து வந்த எங்களில் சிலர் இதை ஏற்கெனவே பார்த்திருந்தோம். அறையிலிருந்த மற்றவர்களுக்கு இது புதிது.

அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டுப் பேர். நான்கு இரட்டைக் கட்டில்கள். யாழ்ப்பாணத்தவர் மூவர், காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு காக்கா, மலப்புறத்து மலையாளிகள் இருவர், சில்ஹெட் வங்காளி ஒருவர், பெஷாவருக்கு அப்பாலிருந்து வந்த கான். கான் எங்கள் கம்பனியின் பாரவண்டிச் சாரதி. ஆறடிக்கு மேல். அந்த எட்டுப் பேருக்கும் பொதுவான மொழி ஒன்று இல்லை. மலையாளிகளோடு நாங்கள் பாதித் தமிழும் பாதி மலையாளமும் கதைத்தோம். கானோடும் வங்காளியோடும் ஹிந்தி என்று நாங்கள் நம்பிய ஒன்றைக் கதைத்தோம். வேலைத்தளத்திலே வேறொரு மொழி ஓடியது. அரபுச் சொற்களை எடுத்து, வினைத்திரிபை எல்லாம் உதறி, 'ஃபீ' 'மாஃபி' என்ற இரண்டு சொல்லை வைத்து உண்டு, இல்லை, இருக்கிறது, செய்கிறேன், செய்யமாட்டேன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற மொழி. 'அனா மாஃபி மாலூம்' என்றால் எனக்குத் தெரியாது. 'இன்தே ரூ வேன்' என்றால் நீ எங்கே போகிறாய், போனாய், போவாய், மூன்றும் அதுதான். மொழியியலாளர் ஜே. ஆர். ஸ்மார்ட் 1990 இல் இதைப்பற்றி முதலாவது ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டார். அது ஒரு பிட்ஜின் என்று நான் அறிந்தது பாரிசுக்கு வந்தபிறகு. அப்போது அது எங்களுக்கு வெறும் 'சைட் பாஷை'.

அந்தப் பாஷையில் ஒரு சிறப்பு இருந்தது. அரபு முதலாளியும் எங்களோடு பேசும்போது தன் மொழியை உடைத்துத்தான் பேசினார். அவரும் 'ஃபீ மாஃபி' என்றார். அதிகாரம் அவரிடம்தான், சந்தேகமில்லை. ஆனால் தப்பு இரண்டு பக்கமும் இருந்தது. லண்டன் வகுப்பறையில் அப்படியில்லை. அங்கே மொழி ஒருவருக்குச் சொந்தம், மற்றவர்களுக்கு இரவல்.

ஆங்கிலம் வேறு கதை. ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் டைம்கீப்பர் அல்லது ஸ்டோர்கீப்பர். தெரியாதவன் ஹெல்பர். இரண்டுக்கும் இடையில் சம்பளம் மட்டுமல்ல, நிழலும் இருந்தது: ஒருவன் குளிரூட்டிய தகரக் கொட்டகைக்குள், மற்றவன் ஜூலை வெயிலில். யாழ்ப்பாணத்தவர் மூவரும் கொட்டகைக்குள் இருந்தோம். மற்ற ஐவரும் வெளியே.

இனி, வெள்ளிக்கிழமை. அன்றுதான் விடுமுறை. ஜும்ஆ முடிந்து மற்றவர்கள் திரும்பிவர, பெரிய சட்டியில் பிரியாணியோ மீன்குழம்போ ஆனபின் டெக்கில் கசட் போடப்படும். யார் எதற்குச் சிரித்தார்கள் என்பதை நான் அப்போதே கவனித்திருக்கிறேன். இந்தத் தொடரின் பகிடிகளில் பெரும்பகுதி சொல்விளையாட்டு. ஒரு மரபுத்தொடரை ஆசிரியர் சொல்ல, மாணவன் அதன் நேர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ள, ஸ்டூடியோவில் இருந்த ஆங்கிலப் பார்வையாளர் சிரிப்பார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால்தான் அந்த இடத்தில் சிரிக்க முடியும். கானுக்கு அது தெரியாது. அவர் சிரித்தது வேறிடத்தில். அலி நதீம் வகுப்புக்குள் நுழைந்தாலே சிரிப்பார். அலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழுத் தன்னம்பிக்கையோடு தப்பான விடையைச் சொல்லும்போது தொடையில் அடித்துச் சிரிப்பார். அவருக்கு அலி முட்டாளாகத் தெரியவில்லை. 'பார், பயமில்லை அவனுக்கு' என்று ஒருமுறை சொன்னார். 'நான் இப்படி அரபாபுக்குப் பதில் சொன்னால் அடுத்த ஃபிளைட்.'

இங்கேதான் என் நண்பரோடு நான் முரண்படுகிறேன். லண்டன் ஸ்டூடியோப் பார்வையாளர் தப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். கான் சிரித்தது தப்புச் செய்தும் தண்டனை கிடைக்காததைப் பார்த்து. அந்த வகுப்பில் ஒருவன் என்ன உளறினாலும், அடுத்த நாள் அவன் கதிரை அங்கேதான் இருக்கும். ஆசிரியர் தலையில் கைவைப்பார், பெருமூச்சு விடுவார், மறுபடி சொல்லிக்கொடுப்பார். எங்கள் எட்டுப் பேரில் யாருக்கும் எந்த அரசாங்கமும் அப்படி ஒரு மாலை வகுப்பு வைத்ததில்லை. வேலை ஒப்பந்தத்தில் அரபியில் என்ன எழுதியிருந்தது என்பதை வாசிக்கத் தெரிந்தவன் எங்கள் அறையில் ஒருவனுமில்லை. காக்காவுக்கு அரபு எழுத்து தெரியும், குர்ஆன் ஓதுவார். ஆனால் ஒப்பந்தத்தின் அரபு அவருக்கும் பூட்டிய கதவுதான். கடவுச்சீட்டு கம்பனியின் இரும்புப்பெட்டியில், கையில் பத்தாக்கா மட்டும்.

மலையாளிகள் ரஞ்சித் சிங்குக்குச் சிரித்தார்கள். வங்காளி அநேகமாக நித்திரை. யாழ்ப்பாணத்தவர் மூவரும் எதற்குச் சிரித்தோம்? இதை நேர்மையாகச் சொல்வதானால், ஸ்டூடியோப் பார்வையாளர் சிரித்த அதே இடங்களில்தான் எங்கள் சிரிப்பும் வந்தது. எங்களுக்குத்தான் பகிடி விளங்கியதே. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய நாள்முதல் ஆங்கிலம் எங்களுக்கு உத்தியோகம், சீதனம், கௌரவம். இன்னொருவன் ஆங்கிலத்தில் வழுக்கி விழுவதைப்போல யாழ்ப்பாணத்துக்கு இனிப்பான பகிடி வேறில்லை. ஊர்த் திண்ணைகளில் இதற்கென்றே கதைகள் உண்டு. தெற்கிலே சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பெயர் வைத்தார்கள். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர். வாளைப் பிடித்திருந்தவர்களுக்கு அப்படியொரு பெயர் தோன்றாது. வெள்ளைக்காரன் எங்களைக் கேலி செய்தான் என்று இன்று கோபப்படும் அறிவாளர்களில் எத்தனை பேர், தங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ தப்பாக உச்சரித்தால் உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள் என்று நான் கேட்கலாம்தானே?

*

1990 ஓகஸ்ட் பற்றி எழுதாமல் இந்த அறையைப் பற்றி எழுதமுடியாது.

ஓகஸ்ட் 2, வியாழக்கிழமை, ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எங்கள் கம்பனியில் வேலை செய்த பலருக்குக் குவைத்தில் உறவினர் இருந்தார்கள். வீட்டுப்பணிக்குப் போன பெண்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது. எல்லோரும் வானொலியைச் சுற்றி இருந்தோம். அடுத்த நாள், வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், சிறுவர்கள் உட்பட. செய்தி எங்களுக்குச் சனிக்கிழமை வந்தது. பி.பி.சி. தமிழோசையைக் காக்காவும் நாங்களும் ஒரே வானொலியில்தான் கேட்போம். அன்றும் அப்படித்தான் கேட்டோம். அவருடைய மச்சினன் ஒருவர் இறந்தவர்களில் இருந்தார் என்று ஐந்து நாள் கழித்துத் தெரியவந்தது. அன்று சமையல்முறை அவருடையது. சமைத்தார், எட்டுப் பேருக்கும். ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட செய்தி வந்தபோதும் அவர் அதே கட்டிலில்தான் இருந்தார், எனக்குக் கீழே.

இவை பற்றி அறையில் யாரும் பேசவில்லை. தொடரின் பெயருக்கு எங்கள் மொழியில் இரண்டு அர்த்தம் சொல்லலாம்: 'மொழியில் கவனமாயிரு', 'வாயைக் கவனி'. எங்கள் ஊர்களில் இரண்டாவது அர்த்தம்தான் நடைமுறையில் இருந்தது. அது ஷார்ஜா வரை வந்திருந்தது.

கானுக்கு இதெல்லாம் தெரியாது. எங்களுக்குள் ஏதோ சரியில்லை என்று மட்டும் விளங்கியிருக்கும். ஓகஸ்ட் மூன்றாவது வெள்ளியோ நான்காவது வெள்ளியோ, அறையைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில்தான் என்று நினைக்கிறேன், அவரே கடைக்குப் போய் முதலாவது கசட்டை வாங்கிவந்து போட்டார். அதிலே அலிக்கும் ரஞ்சித்துக்கும் மதச் சண்டை வரும். முஸ்லிமும் சீக்கியரும் ஒருவர்மேல் ஒருவர் பாய, பிரவுன் நடுவில் புகுந்து பிரித்து அமரவைப்பார். கான் ஒருவர்தான் சிரித்தார். காக்கா எழுந்து வெளியே போனார். சற்றுப் பொறுத்து நான் மொட்டைமாடிக்குப் போனபோது, சுவரில் சாய்ந்து நின்றவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: 'அவனுகளுக்கு விலக்குப் பிடிக்க ஒரு வாத்தியார் இரிக்கார் தம்பி.'

இந்த வாக்கியத்தை நான் பலமுறை நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். விருந்தில் என்னோடு மல்லுக்கட்டிய நண்பர் அதற்கும் பதில் வைத்திருந்தார்: 'அதுதானே அந்தத் தொடரின் அரசியல். கறுப்பர் பழுப்பர் அடித்துக்கொள்வார்கள், வெள்ளைக்காரன் விலக்குப் பிடிப்பான். 1947 இல் பிரிவினை செய்தவனே இப்போது நடுவர்.' மறுக்கமுடியாத வாதம். வின்ஸ் பவல் அந்தக் காட்சியை எழுதியபோது மனதில் இருந்தது இதற்குக் கிட்டத்தான் இருக்கும். ஆனால் காக்கா சொன்னது வெள்ளைக்காரனைப் பற்றியல்ல. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் அடுத்த பாடத்துக்கும் வந்து உட்காரவேண்டியிருக்கும் என்பதை உறுதிசெய்கிற ஒருவர், ஏதோ ஒரு ஒழுங்கு, எங்களுக்கு இல்லை என்பதைப் பற்றியது. அந்த இடத்தில் வெள்ளைக்காரனை வைத்தது லண்டனின் திமிர். அந்த இடம் எங்களிடம் காலியாக இருந்தது யாருடைய தவறு என்பதை என் நண்பர் இன்னும் சொல்லவில்லை.

*

இந்தத் தொடர் சும்மா கிடந்து மறைந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். 1986 இல் அமெரிக்காவில் இதைத் தழுவி 'வட் அ கன்ட்ரி' என்று ஒன்று எடுத்தார்கள், ஒரு வருடத்தில் நின்றுவிட்டது. 1993 இல் தூர்தர்ஷனில் பங்கஜ் கபூர் நடித்த 'ஸபான் ஸம்பால்கே' வந்தது. அதில் எல்லோரும் கற்பது ஹிந்தி. ஆங்கிலத்துக்குப் பதிலாக இன்னொரு மொழியை அதே பீடத்தில் ஏற்றிவைக்க எவ்வளவு இலகுவாக முடிந்தது என்பதை, மொழிப் போராட்டம் பற்றி எழுதுகிறவர்கள் யாராவது ஆராயலாம். 1998 இல் பிரித்தானிய ஆசியர்களே எழுதி நடித்த 'குட்னஸ் கிரேஷஸ் மீ' பி.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்தபோது கேலியின் திசை திரும்பியது. இந்தியர்கள் கூட்டமாக ஆங்கிலேய உணவகத்துக்குப் போய் அட்டகாசம் செய்யும் காட்சி அதில் பிரசித்தம். நான் அதை ரசித்தேன். ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்க, லண்டனில் பிறந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தது லண்டனை விளங்கியிருக்க வேண்டும். கானுக்கு அதில் ஒன்றும் இல்லை.

நான் 1993 இல் பிரான்சுக்கு வந்தேன். ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த இரண்டு கசட்டுகளும் இங்கே ஒழுங்காக ஓடவில்லை. பிரான்சின் முறை செக்காம். நண்பரின் பழைய தொலைக்காட்சியில் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. ரஞ்சித்தின் தலைப்பாகைக்கு நிறம் போய்விட்டது. அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் என் வாயிலிருந்து வந்த 'பெடியள்' என்ற சொல்லை 'சிறுவர்கள்' என்று பெயர்த்தார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, சிறுவர்களுக்கா பயந்து ஓடிவந்தாய் என்று கேட்டார். பவல் எழுதியிருக்கக்கூடிய பகிடி. யாரும் சிரிக்கவில்லை, அதைத் திருத்த எனக்கு இருபது நிமிடம் எடுத்தது. பிறகு நகரசபை நடத்திய மாலைநேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். மாலியர், குர்தியர், வியட்நாமியர், இரண்டு தமிழர். ஆசிரியை பொறுமைசாலி. அங்கே ஒருவரும் தன்னம்பிக்கையோடு தப்பான விடை சொல்லவில்லை. எல்லோரும் மௌனமாக இருந்தோம். தப்புச் சொல்லும் துணிவு வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது.

பரி எவன்ஸுக்குப் பின்னாளில் வாய்ப்புகள் குறைந்தன. லெஸ்டர்ஷயரில் வாடகைக்கார் ஓட்டினார். 1997 பெப்ரவரியில் தன் வீட்டில் இறந்து கிடந்தார், வயது 53. கம்பளையின் அல்பேர்ட் மோசஸ் 2017 இல் லண்டனில் காலமானார். ஜேம்ஸ் பொன்ட் படமான 'ஒக்டோபஸி' உட்படப் பலவற்றில் நடித்திருந்தும், செய்திகள் அவரை அந்தத் தலைப்பாகையோடுதான் நினைவுகூர்ந்தன.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிரித்தானியாவில் நிறுத்தப்பட்ட இத்தொடருக்கு வெளிநாடுகளில் இருந்த கிராக்கியைப் பார்த்து, 1986 இல் வேறொரு நிறுவனம் மேலும் 13 பகுதிகளை எடுத்தது. லண்டனுக்கு வேண்டாம், எங்களுக்கு வேண்டும் என்று கணக்குப் பார்த்து எடுக்கப்பட்டவை. அவை ரோலாக் கடைக்கு வந்து சேர்ந்தபோது கான் ஆவலோடு வாங்கிவந்தார். பிரவுன் இருந்தார், ரஞ்சித் இருந்தார், புது முகங்கள் சில இருந்தன. அலி இல்லை. டீனோ ஷஃபீக் 1984 மார்ச்சிலேயே இறந்துவிட்டிருந்தார், எங்களுக்கு அது தெரியாது. இரண்டு பகுதி முடியும்வரை கான் கதவைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தொடங்கியபோது, 'அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.